ஒரு சாண் உயரம்

புதுச்சேரியில் பழைய பஞ்சாலைக்குப் பின்புறம் கிடங்குத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னோடு மல்லுக்கு நிற்காதீர்கள், நான் சொல்கிறேன் இருக்கிறது. அந்தத் தெரு ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசைக்குப் போய்விட்டு வந்து, துணி துவைத்து, மீன்குழம்பு சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, முகம் கழுவிப் பவுடர் பூசிக்கொண்டு, சாயங்காலம் நாலு மணிக்குப் பஞ்சுக் கிடங்குக்குப் போய்த் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆறு மணி வரைக்கும் ஆடிவிட்டு வீட்டுக்கு வருவார்கள். இருபத்தைந்து வருஷமாக இதுதான் வழக்கம். திங்கட்கிழமை காலையில் தண்ணீர்க் குழாயில் பார்த்துக்கொண்டால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், காய்கறி விலையைத்தான் பேசுவார்கள்.

அதற்குக் காரணம் மதலேன் போட்ட ஒரு பாட்டு. பாட்டென்றால் பாட்டில்லை, ஒரு சொல் கிடையாது அதில், தாளமும் கீழ்க்குரலில் ஓர் உறுமலும் மூன்றே மூன்று சுரமும், அவ்வளவுதான். மதலேனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, மிக்ஸி, ஃபேன், அயர்ன் பாக்ஸ் எல்லாம் பிரித்துப் போட்டுச் சரிசெய்யும் கடை அவளுடையது, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் வீட்டு மிக்ஸியும் அவளிடம்தான் வந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு திரும்பிய அவளுடைய பெரியப்பா, எல்லோரும் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவந்தால், இவர் பிரான்சிலுள்ள மார்செய்யில் இருந்து கம்பளியில் சுற்றி ஒரு தாளப்பெட்டியைக் கொண்டுவந்தார், பொத்தானை அழுத்தினால் அதுவே தாளம் போடும், ஆள் வேண்டாம். அங்கெல்லாம் மூடிப்போன பாக்டரிக்குள்ளே இதைப் போட்டுக்கொண்டு விடிய விடிய ஆடுகிறார்கள் பெண்ணே, பாட்டுக்காரனும் இல்லை, வாத்தியக்காரனும் இல்லை, பெட்டிதான் எல்லாம் என்று அவர் சொன்னார். நம் பாக்டரி மூடவில்லையே என்று மதலேன் சிரித்தாள். அப்போது மூடவில்லை.

ஆலைத் தொழிற்சங்க ஆண்டு விழாவுக்கு வரவேண்டிய கச்சேரிக்காரர்கள் வராமல் போனபோது, விழாவுக்கு மைக் செட் கட்டியிருந்த கஸ்பார் ஓடிவந்து, பெட்டியை எடுத்துக்கிட்டு வா மதலே, என் மானம் போவுது என்று கூப்பிட்டான். கஸ்பாரும் மதலேனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே நாளில் கோயிலில் புதுநன்மை என்கிற முதல் அப்பம் வாங்கினவர்கள், அவனுக்கு ஸ்பீக்கர் எரிந்தால் இவள் கட்டிக் கொடுப்பாள், இவளுக்கு ஒரு கஷ்டமென்றால் அவன் கூப்பிடாமல் வந்து நிற்பான், தெருவில் அதை யாரும் தப்பாகப் பேசினதில்லை, பேசினால் கஸ்பார் மனைவி பிளாந்தீனே வாயைக் கிழித்துவிடுவாள். மதலேன் பெட்டியை எடுத்துக்கொண்டு விழா நடந்த பஞ்சுக் கிடங்குக்குப் போனாள். நாலு மணி, மின்சாரம் செத்துப்போன நேரம், பல்பெல்லாம் மஞ்சளாக மினுங்குகிறது, பெட்டிக்கும் பாதி உயிர்தான், தாளம் இழுத்து இழுத்து வருகிறது, இழுவைக்குப் பின்னால் கொஞ்சம் ஓடிப் பிடிக்கிறது, மறுபடி இழுக்கிறது. இரட்டை ஷிப்டில் பதினாறு மணி நேரம் நின்று பாதம் மரத்துப்போன ஜனங்களின் நடை அப்படியே அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. ஒருத்தர் காலை மாற்றிப் போட்டார், இன்னொருத்தர் போட்டார், கிடங்கு முழுக்க ஆடியது, கொஞ்ச நேரத்தில் நூற்புப் பிரிவு மேஸ்திரி இஞ்ஞாசி தன் செருப்பு எங்கே என்று தேடினார். செருப்பு கீழே இருந்தது. அவர் அதற்கு ஒரு சாண் மேலே இருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் செருப்பைக் காட்டினார், அவரும் தன் செருப்பைக் காட்டினார், இரண்டு பேரும் தொடர்ந்து ஆடினார்கள்.

யாரும் கத்தவில்லை, மயங்கி விழவில்லை. பதினாறு மணி நேரம் நின்ற காலுக்குத் தரை இல்லாமல் போவது எப்படியிருக்கும் என்று நின்று வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அவர்கள் அழுதார்கள், அழுதுவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்கள். பாட்டுக்குச் சாண் என்றே பேர் வந்தது. தையற்காரர் பாவாடைக்கு ஒரு சாண் கூடுதலாக விளிம்பு விட்டுத் தைத்தார், மேலே போனால் கணுக்கால் தெரிகிறது என்று பெண்கள் சொன்னதால். பங்குச்சாமியார் தனக்கு மேலே இருக்கிற மேற்றிராணியாரைக் கேட்டுவிட்டு வந்து, ஒரு சாண் வரைக்கும் தோஷமில்லை, அதற்கு மேல் போனால் எழுதிக் கேட்க வேண்டியிருக்கும் என்று பிரசங்கத்தில் சொன்னார். சங்கத்துக்காரர்கள் தங்கள் போராட்டத்தின் பலன் என்று நோட்டீஸ் அடித்தார்கள். நகராட்சியிலிருந்து ஒருத்தர் அளவுகோலோடு வந்து, குண்டானவர் ஒல்லியானவர் எல்லாரையும் அளந்து, எல்லாரும் ஒன்பது அங்குலம்தான் என்று எழுதிக்கொண்டு, எந்த இலாகாவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் பைலைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுக்குச் சமையல் தெரியுமா என்பதோடு சாண் ஏறுவாளா என்றும் கேட்டார்கள். சிக்கனமான குடும்பங்கள் மேலே ஆடிக்கொண்டே நீளத் துடைப்பத்தால் தரையையும் பெருக்கிவிட்டு வந்தார்கள், யாரும் காலை நகர்த்தத் தேவையில்லை பாருங்கள்.

இதிலே ஒருத்திதான் கீழே. பெட்டி வைத்த மேசைக்குப் பின்னால் நிற்கிறவர் ஏறமாட்டார் என்பது முதல் நாளே தெரிந்துபோனது. பாட்டை விட்டுவிட்டு மேசையிலிருந்து வர முடியாதா என்றால் முடியாது, ஏனென்றால் கொஞ்ச காலத்தில் ஊருக்கு நல்ல மின்சாரம் வந்து தொலைத்தது, நல்ல மின்சாரத்தில் பெட்டி இழுக்காமல் சிப்பாய் மாதிரி நடந்தது, ஜனங்கள் தரையிலேயே நின்றார்கள். மதலேன் ஒரு குமிழ் செய்து மாட்டினாள், திருகினால் மின்சாரம் குறையும், அன்றைக்கு ஊர் மின்சாரம் செய்ததை அவள் கை செய்தது, குறைத்து, ஏற்றி, குறைத்து, இரண்டு மணி நேரம். ஒருமுறை, பத்துப் பதினைந்து வருஷம் முன்னால், ஆசை பொறுக்காமல் குமிழை ரப்பர் பாண்டில் கட்டிவிட்டு ஆடப் போனாள். எல்லாரும் மேலே இருந்தார்கள், பிளாந்தீன் கையை நீட்டி இவளை இழுத்தாள், இவள் ஏறவில்லை. குதித்துப் பார்த்தாள், ஏறவில்லை. அந்தப் பாட்டில் எந்த ஆணி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும், தெரிந்தது தூக்குமா? மூன்றாவது நிமிஷத்தில் ரப்பர் பாண்ட் அறுந்து தாளம் தறிகெட்டு ஓட, அத்தனை பேரும் தொப்பென்று கீழே விழுந்து, இஞ்ஞாசிக்கு முழங்கால் வீங்கியது. இனிமேல் மேசையை விட்டு வராதே தாயே என்று எல்லாரும் கும்பிட்டார்கள். பழைய பாட்டு தன்னைத் தூக்காது என்பதை அவள் கஸ்பாரிடம் மட்டும் சொன்னாள், அவன் தோளைத் தட்டிக் கொடுத்தான். காய்ச்சலிலும் நின்றாள், அம்மா செத்த எட்டாம் நாளும் நின்றாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், மேலே அவர்களோடு ஒருமுறை ஆடவேண்டும். பழசு தூக்காது, புதுசு செய்தால் தூக்குமோ என்று செய்யத் தொடங்கினாள். வருஷத்துக்கு நாலு, ஐந்து என்று செய்தாள், ஞாயிற்றுக்கிழமை நடுவில் இரண்டு நிமிஷம் போட்டுப் பார்ப்பாள், ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு, பெண் வீட்டில் பலகாரம் சரியில்லாத சம்பந்திகள் போல நிற்பார்கள், அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல் வரும், சாணைப் போடு. ஆலை மூடின பிறகு இது இன்னும் மோசமாகிவிட்டது. சங்கு ஊதுவது நின்றுபோன தெருவில் சாண் ஒன்றுதான் சொன்ன நேரத்துக்கு வந்தது, அதைத் தொட்டால் அவர்களுக்குப் பொறுக்கவில்லை, அது மதலேனுக்கும் புரிந்தது, அவள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஆனால் அதிகமாகக் கத்தினது யார் தெரியுமோ? சாண் பிறந்தபோது பிறக்காத பிள்ளைகள், ஆலைக்குள் ஒரு நாள் காலெடுத்து வைக்காத பிள்ளைகள், அந்தக் காலம் மாதிரி வருமாக்கா, நிஜமான பாட்டுன்னா அதுதான் என்று இருபது வயதில் பெருமூச்சு விட்டார்கள். எந்தக் காலம் என்று அவர்களைக் கேட்கத் தோன்றும் மதலேனுக்கு, கேட்கமாட்டாள்.

இருபத்தைந்தாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புதன்கிழமை மத்தியானம் அது நடந்தது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரண்டு வருஷமாகத் தட்டிக்கொண்டிருந்த புதுப் பாட்டை மதலேன் ஓடவிட்டாள். இறக்கை கழற்றின ஃபேன் சுற்றுகிற சத்தம், மிக்ஸி மோட்டார் மூச்சு வாங்குகிற சத்தம், இவையெல்லாம் அடுக்கடுக்காக ஏறி ஏறி வந்து ஓரிடத்தில் சுத்தமாக நின்றுபோகும், முப்பத்திரண்டு எண்ணிக்கைக்கு ஒன்றுமே கிடையாது, மொட்டை அமைதி, அதற்குப் பிறகுதான் தாளம் வந்து விழும். அமைதி முடிந்ததும் தாளத்துக்கென்று வைத்த இரண்டாவது பெட்டியைக் கிளப்ப ஒரு வாஷிங்மெஷின் டைமரை மாட்டிவிட்டு அவள் மேசையை விட்டு இரண்டடி தள்ளி நின்று ஆடினாள். அமைதி வந்தது. அவள் முகம் மேல் பரணுக்கு நேராக வந்தது. பரணில் ஆறு பழைய மிக்ஸி ஜார் தூசு படிந்து கிடந்தன, ஒன்றைத் தொலைத்துவிட்டதாக ஒரு வாடிக்கையாளரிடம் அவள் சத்தியம் செய்திருந்தாள், அதுவும் அங்கே இருந்தது. ஒரு சாண் இல்லை, நாலு சாண். தாளம் வந்து அவளை மெதுவாக இறக்கிவிட்டபோது அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும், தனியாக ஏறுவது ஏறினதில் சேர்த்தியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. முகம் கழுவிக்கொண்டு கஸ்பாரைத் தேடிப் போனாள்.

கஸ்பார் அப்போது ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நடத்தும் கிடங்குச் சங்கத்துக்குச் செயலாளர். காதில் மாட்டிக்கொண்டு கேட்டான், முழுக்கக் கேட்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டு, மதலே இது சாணைவிடப் பெருசு என்றான். அவன் நெஞ்சாரத்தான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சங்கத்தில் பேசி, வெள்ளிவிழா அன்றைக்குப் பதின்மூன்று நிமிஷம் வாங்கிக் கொடுத்தான். மேசைக்கு அவனே நிற்பதாகவும் ஒப்புக்கொண்டான், ஏனென்றால் டைமருக்கு ஜனங்களின் கால் தெரியாது, எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்த்து இரண்டாவது பெட்டியை அழுத்த ஓர் ஆள் வேண்டும். மூன்று நாள் கடையில் உட்கார்த்தி வைத்துப் பழக்கினாள். முப்பத்திரண்டு கோடு போட்ட காகிதத்தை மேசையில் ஒட்டிக் கொடுத்தாள், எண்ணிக்கொண்டே கோட்டின் மேல் விரலை நகர்த்தினால் போதும். கிடங்கின் ஆறு ஃபேனையும் விழாவுக்கு முதல் நாளே அவள் கையால் கழற்றி இறக்கினாள், உயரப் போகிறவர்கள் தலை அடிபடக் கூடாதே. அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

கிடங்கில் ஒரு பழக்கம் உண்டு, என்ன பாட்டுப் போட்டாலும் மேசையின் இடதுபக்கம் சாண் பெட்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஃபேடர் என்கிற கட்டையை வலமிருந்து இடம் தள்ளினால் அடுத்த நொடி சாண். ஜனங்களின் திருப்திக்காகச் செய்த ஏற்பாடு. அந்தப் பெட்டி சூடாகவே எட்டு நிமிஷம் ஆகும், அணைந்திருந்தால் எவனும் அவசரத்துக்குக் கிளப்ப முடியாது.

"அன்னிக்கு ஒரு நாள் என் பாட்டு போடறப்ப அந்தப் பிளக்கைப் புடுங்கிடு கஸ்பார். அது ஓடிட்டிருந்தா யாரோ ஒருத்தர் கத்துவாங்க, உன் கை போயிடும். பழசு என்னை மட்டும் தூக்காதுன்னு உனக்குத் தெரியும்."

"நானே புடுங்கறேன். என் பிள்ளை மேல சத்தியம்" என்றான் கஸ்பார்.

வெள்ளிவிழா ஞாயிறு அன்றைக்குக் கிடங்கு கொள்ளவில்லை. சங்கத் தலைவர் மாலை போட்டுக்கொண்டார், பங்குச்சாமியார் மந்திரித்தார், இஞ்ஞாசிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், மதலேனுக்குப் போர்த்த மறந்துவிட்டு அப்புறம் ஞாபகம் வந்து இஞ்ஞாசியுடையதையே வாங்கிப் போர்த்தினார்கள். ஒரு மணி நேரம் சாண் ஓடியது, எல்லாரும் வழக்கம்போல ஏறி ஆடி இறங்கினார்கள். ஐந்து மணிக்கு மதலேன் பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இருபத்தைந்து வருஷத்தில் இரண்டாவது முறையாக ஜனங்களுக்கு நடுவில் வந்து நின்றாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிளாந்தீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே, இடுப்பைத் தளர்த்திக்கோ என்று ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தாள், ஆட்டத்தையே உண்டாக்கினவளுக்கு.

முதல் மூன்று நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை, கையைக் கட்டினவர்கள் கட்டினபடியே நின்றார்கள், பின்னாலிருந்து ஒரு குரல் சாணைப் போடு என்று தொடங்கினது, தொடங்கின குரல் பாதியில் நின்றது, ஏனென்றால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் முழங்கால் உயரத்தில் இருந்தான். அப்புறம் எல்லாரும். நாலு சாண், ஆறு சாண், ஆள் உயரம். கட்டின கைகள் அவிழ்ந்தன, அவிழ்ந்த கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவரைப் பிடித்துக்கொண்டன. மதலேனும் மேலே இருந்தாள், தன் காலை அவள் குனிந்து பார்க்கவில்லை, பார்த்தால் போய்விடும் என்று பயம், பிளாந்தீன் கை அவள் கையில் இருந்தது, இஞ்ஞாசி வழுக்கைத் தலை அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது, ஜனங்களின் வியர்வை வாசம் அவளைச் சுற்றி இருந்தது. அப்போது பாட்டு நின்றது. அமைதி. தாளமில்லை, உறுமல் இல்லை, ஒன்றுமே இல்லை, அவர்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள், எதன்மேலும் இல்லாமல் தங்கள் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். கிடங்குச் சுவரில் வெகு உயரத்தில் வரிசையாகக் காற்றுக்கான சன்னல்கள், நாற்பது வருஷம் அதற்குக் கீழே பஞ்சு மூட்டை சுமந்தவர்கள் யாரும் அதன் வழியாக வெளியே பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்கள். தங்கள் வீட்டு மொட்டைமாடியில் காயும் மிளகாய், தண்ணீர்த் தொட்டி, அதைத் தாண்டி அடுத்த தெரு, பஸ் நிலையம், இன்னும் தள்ளி, யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்த கடல். இவ்வளவு பக்கத்திலா இருந்தது என்று இஞ்ஞாசி முனகினார். இவ்வளவு பேர் நடுவில் இருக்கிறோமே என்று மட்டும்தான் மதலேன் நினைத்தாள், அந்த நினைப்பே அவளுக்குப் போதுமாயிருந்தது.

டொம் என்று சாண் விழுந்தது.

எல்லாரும் சரசரவென்று இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே பழகின இடத்தில் போய் நின்றுகொண்டார்கள், கால் தானாக ஆடத் தொடங்கியது. மதலேன் மட்டும் அங்கே நிற்கவில்லை. அவள் பத்தடி உயரத்திலிருந்து நேராகத் தரைக்கு வந்தாள், கணுக்கால் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது, மற்றவர்களுக்குக் கேட்கவில்லை, பாட்டு ஓடுகிறதே. விசில் அடித்தார்கள், கைதட்டினார்கள், சாண் சாண் என்று கத்தினார்கள். பாவம் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். பிளாந்தீன் குனிந்து பார்த்துக் கூப்பிட்டாள், ஆனால் மேலே இருக்கிறவர் பாட்டு முடியாமல் இறங்க முடியாது. மேசையிலிருந்து கஸ்பார் பார்த்தான், பார்த்துவிட்டுக் குமிழைத் திருகினான், அதை விட்டுவிட்டு வந்தால் முந்நூறு பேரும் தொப்பென்று விழுவார்களே. ஆறு நிமிஷம் திருகினான். தரையோடு தரையாகக் கிடந்த மதலேனுக்கு எல்லாருடைய பாதத்துக்கும் கீழே மேசையின் அடிப்பக்கம் நன்றாகத் தெரிந்தது, சாண் பெட்டியின் பிளக் சுவரில் குத்தினபடியே இருந்தது. அதன்மேல் தடிமனாக ஒட்டுநாடா வேறு சுற்றியிருந்தது, யாரும் தெரியாமல் பிடுங்கிவிடக் கூடாதென்று. அழுகை அப்போது வரவில்லை.

மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து விட்ட பிறகு தெருவே பார்க்க வந்தது, ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வந்து குவிந்தன. வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள், அன்னிக்குச் சாண் என்னமா தூக்கிடுச்சு, வெள்ளிவிழாவாச்சே, பழசுக்கு இருக்கிற சக்தி எதுக்கு வரும். இடையில் கொஞ்ச நேரம் பாட்டுக் கோளாறாகிவிட்டதாம், கஸ்பார் புண்ணியத்தில் சாண் வந்து காப்பாற்றியதாம். மதலேன் ஒவ்வொருத்தரிடமும் கேட்டாள், கடலைப் பார்த்தீர்களா இல்லையா. அன்னைக்கு வெயில் ஜாஸ்தி, தலை சுற்றல் என்றார்கள் சிலர். சன்னலா, எந்த சன்னல் என்றார்கள். நல்லா ரெஸ்ட் எடு என்றார்கள். இஞ்ஞாசி மட்டும் வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, பார்த்தேன்மா, ஆனா அதைச் சொல்லிட்டா இத்தனை வருஷமா ஒரு சாணுக்குச் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தோமேன்னு ஆயிடும், என்னைச் சொல்லச் சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு போனார். மற்றவர்கள் பொய் சொன்னதைவிட அது அவளுக்கு அதிகமாக வலித்தது. யாருக்காக அதைச் செய்தாளோ அவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

கஸ்பார் வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பிளாந்தீன் செய்து கொடுத்த சூப்போடு வந்தான். சூப்பை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான். உட்கார் என்று அவள் சொல்லவில்லை.

பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்தேன், சத்தமில்லாத வெறும் இடம் விடக்கூடாதென்பது நம் தொழிலில் முதல் பாடமாயிற்றே என்று தொடங்கினான். முப்பத்திரண்டு கோடு போட்ட காகிதம் அவன் கைக்குக் கீழேதான் இருந்ததென்று அவள் ஞாபகப்படுத்தினாள். ஜனங்கள் இன்னும் ஏறினால் கூரைத் தகரத்தில் இடிக்கும், பயந்துவிட்டேன் என்றான். தகரத்துக்கு இன்னும் பத்தடி இருந்தது, ஃபேனை நானே கழற்றினேன் என்றாள். பிளக்கைப் பற்றி அவள் கேட்கவில்லை, ஒட்டுநாடாவைப் பற்றி மட்டும் கேட்டாள். சங்கத்தில் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள், ஒரு பாதுகாப்புக்கு, நான் தொடமாட்டேன் என்றுதான் இருந்தேன் என்று அவன் தரையைப் பார்த்தான். பொய்யெல்லாம் தீர்ந்துபோய் அழுதான், அவன் இப்படி விம்மி அழுது அவள் முன்னால் பார்த்தது அவன் அப்பா செத்த அன்றைக்குத்தான்.

"மேசைகிட்ட நின்னு மேல பார்த்தேன் மதலே. எல்லாரோட உள்ளங்காலும் தெரிஞ்சுது. பிளாந்தீனோடது, என் பிள்ளையோடது, உன்னோடது. கீழ நான் ஒருத்தன்தான். சத்தம்கூட இல்ல. ஒருத்தரும் குனிஞ்சு என்னைப் பார்க்கல. என்னால தாங்க முடியல."

"எதுவரைக்கும் எண்ணின?"

"இருபத்தொண்ணு."

"நான் இருபத்தஞ்சு வருஷம் நின்னேன் கஸ்பார். ஒரு நாளாவது நீ குனிஞ்சு பார்த்தியா?"

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், ஒரு அடி முன்னால் வைத்தான், பின்னால் வைத்தான். சூப் கொண்டுவருவதற்காக மட்டும் அவன் வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க, நாலு மணியாகப் போவுது" என்றான் கஸ்பார். "நல்ல நாற்காலி போட்டு வச்சிருக்கேன், குஷனோட. உன்னைத் தூக்கிக்கிட்டுப் போக ஆள் வாசல்ல நிக்குது. உக்காந்தபடியே குமிழைத் திருகிடலாம், காலுக்கு ஒண்ணும் ஆகாது."

மதலேன் போர்வையை விலக்கினாள். பிறகு ஊன்றுகோலை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். அவன் முகம் மலர்ந்துபோய், ஓடி எடுத்துக் கொடுத்து, முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான், மெதுவா மெதுவா என்றான். அவள் ஒவ்வொரு அடியாக வாசல் வரைக்கும் வந்தாள். வந்து, கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, சூப்புப் பாத்திரத்தை அவன் கையில் கொடுத்து, "வெளிய போ" என்றாள். வாசலில் நின்ற ஆட்களிடம் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, போங்கப்பா, கதவைச் சாத்தணும் என்றாள். சாத்தினாள்.

நாலு மணிக்குக் கிடங்கில் எல்லாரும் பவுடர் பூசிக்கொண்டு வந்து நின்றார்கள். பெட்டி சூடாகி ஓடிக்கொண்டிருந்தது, குமிழ் அதன் இடத்தில் இருந்தது, திருகுவதும் ஒன்றும் பெரிய வித்தையில்லை, இத்தனை வருஷம் பார்த்ததில் பாதிப் பேருக்கு அது தெரியும். மேசைக்குப் பின்னால் ஒருத்தர் நின்றால் போதும், மற்ற எல்லாரும் ஏறலாம். கஸ்பாரைச் சொன்னார்கள், அவன் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினான். இஞ்ஞாசியைச் சொன்னார்கள், அவர் முழங்காலைக் காட்டினார். வாரம் ஒருத்தர் என்று முறை வைக்கலாமென்று பிளாந்தீன் சொன்னாள், நல்ல யோசனை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், முதல் முறை யாருடையது என்று கேட்டதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஆறு மணி வரைக்கும் அதைப் பேசினார்கள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.